கல்லறை தெரியாத மனிதரும் கண்டி கண்ட நம்பிக்கையும்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இறுதி நாட்களில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் பலியாகின. மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையான நவம்பர் 30ஆம் திகதியே கிறிஸ்தவத் திருச்சபைகளின் திருவருகைக் காலம் ஆரம்பமானது. நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரங்களைக் கொண்ட இக்காலத்தின் உயிர்நாடியே நம்பிக்கைதான். அத்துடன், கத்தோலிக்கத் திருச்சபை 2025ஐ யூபிலி ஆண்டாகப் பிரகடனம் செய்து, நம்பிக்கையின் யாத்திரிகர்களாக வாழுமாறு தனது மக்களை அழைத்திருந்தது. சேற்றுக்குள் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த மக்களிடம் நம்பிக்கையைப் பற்றி எப்படிப் பேசுவது? இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. மலையோடு சேர்ந்து சரிந்த வீடுகளில் எல்லா மதத்தவரும் வாழ்ந்திருந்தனர். ஆகவே, கிறிஸ்தவம் கூறும் நம்பிக்கை யாது, அன்றாட வாழ்வில் அதற்குரிய இடம் யாது என்பதைக் கண்டியின் வரலாற்றையே துணையாகக் கொண்டு நோக்குவது பொருத்தமானதெனக் கருதுகிறோம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். தமிழில் நம்பிக்கை என்னும் சொல் பல சுமைகளைச் சுமக்கிறது. கடவுள் மீது வைப்பதும் நம்பிக்கை. கடன் கொடுத்தவர் கடனாளி மீது வைப்பதும் நம்பிக்கை. நாளை விடியும் என்று எண்ணுவதும் நம்பிக்கையே. பைபிளைத் தமிழாக்கியவர்களும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டிருக்கின்றனர். பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதலாவது திருமுகத்தில் நிலைத்திருக்கும் மூன்று பண்புகளைக் குறிப்பிடுகிறார். பழைய மொழிபெயர்ப்பு அவற்றை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்றது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மாற்றியது. முன்னைய மொழிபெயர்ப்பில் இரண்டாம் இடத்தில் நின்ற சொல் பின்னையதில் முதலிடத்துக்குச் சென்றுவிட, இரண்டாவது பண்புக்கு எதிர்நோக்கு என்னும் சொல் வழங்கப்பட்டது. நாம் இங்கு ஆராய்வது இந்த எதிர்நோக்கு என்னும் நம்பிக்கையையே.

இது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற மனநிறைவன்று. கண்ணால் கண்டுவிட்ட ஒன்றை எவரும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை என்பது பவுலின் வாதம். துன்பம் பொறுமையையும், பொறுமை பண்பட்ட உள்ளத்தையும், அவ்வுள்ளம் நம்பிக்கையையும் பிறப்பிக்கிறது என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் அவர் விளக்குகிறார். இதன்படி, நம்பிக்கை துன்பத்துக்கு முன்னர் எடுத்துக்கொள்ளும் மருந்தன்று. துன்பத்தைக் கடந்துவரும்போது உருவாகும் உரம். அதற்கு அவர் காட்டும் சான்று ஆபிரகாம். முதிர்ந்த வயதில், நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லாத நிலையிலும், இறைவாக்கை நம்பிய அந்த மனிதரையே முஸ்லிம்கள் நபி இப்ராஹீம் (அலை) என்று போற்றுகின்றனர். இரு சமூகங்களும் ஒரே தந்தையின் பொறுமையிலிருந்து பாடம் கற்கின்றன என்பது சிந்திக்கத்தக்கது.

இந்த இலக்கணத்துக்குக் கண்டியில் வாழ்ந்து காட்டிய இலக்கியமாக விளங்குபவர் புனித ஜோசப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவின் பெனவுலிம் கிராமத்தில் பிறந்த அவர், 1687இல் இலங்கைக்கு வந்தார். அப்போது யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆண்டிருந்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்தனர். பிச்சைக்காரரின் வேடத்தில் மறைந்து திரிந்து, தமிழ் மக்களிடையே பணியாற்றிய பின்னர், புத்தளம் வழியாக 1692இல் அவர் கண்டியை அடைந்தார். அங்கு கிடைத்த வரவேற்பு சிறைவாசம். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற சந்தேகம் அவர் மீது சுமத்தப்பட்டது. சிறையில் இருந்தபடியே அவர் சிங்களம் கற்றார். சக கைதிகளுக்குப் பணி செய்தார். சிறிய குடிசை ஒன்றைக் கோயிலாக்கிக்கொண்டார். விடுதலை எப்போது, அல்லது விடுதலை உண்டா என்பதே தெரியாத காலத்தில் ஒருவர் புதிய மொழியைக் கற்கத் தொடங்குகிறார் என்றால், அதுவே நம்பிக்கையின் மிகத் தெளிவான வரைவிலக்கணம் எனலாம்.

அவருடைய பெயரோடு இணைத்துப் பெரிதும் பேசப்படுவது மழை அற்புதம். நாடு வறட்சியில் வாடியபோது அவர் பொது இடத்தில் சிலுவையை நாட்டிச் செபித்தார் என்றும், மழை கொட்டியது என்றும், அதன் பயனாக மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரமாகப் பணிபுரிய அனுமதி வழங்கினார் என்றும் மரபு கூறுகிறது. ஆயினும் எமது பார்வையில், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நடந்ததே நம்பிக்கையின் பொருளை இன்னும் நெருக்கமாக விளக்குகிறது. அச்சத்தினால் சொந்த உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, வாஸ் அடிகளாரும் உடன் பணியாற்றிய குருவும் அவர்களைத் தேடிச் சென்று பராமரித்தனர், உணவளித்தனர், இறந்தோரை அடக்கம் செய்தனர். மழைக்காகச் செபிப்பவர் வானத்தைப் பார்க்கிறார். நோயாளியின் புண்ணைக் கழுவுபவருக்கு அவ்வாறு அண்ணாந்து பார்க்க நேரமில்லை. முன்னையது அற்புதமாக நினைவுகூரப்படுகிறது. பின்னையது ஒவ்வொருவராலும் பின்பற்றக்கூடியது.

இவ்விடத்தில் இன்னொரு உண்மையையும் மறந்துவிடலாகாது. அடிகளாருக்கு இடமளித்தவர் ஒரு பௌத்த மன்னர். அதே மன்னரே அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவுக்குப் புத்துயிர் அளித்தவருமாவார். அவருக்கு முன்னர், 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்குத் தமது இராச்சியத்தில் புகலிடம் கொடுத்துக் கிழக்கிலே குடியமர்த்தினார். கிறிஸ்தவ ஆட்சியாளரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கும், மற்றொரு கிறிஸ்தவ ஆட்சியாளரால் தேடப்பட்ட கத்தோலிக்கக் குருவுக்கும் கதவு திறந்தது ஒரே அரண்மனைதான். ஒருவருடைய நம்பிக்கை உயிர்வாழ்வதற்கு இன்னொருவர் திறந்து வைக்கும் கதவு அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாக வரலாறு கூறிவிட முடியாது.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி வாஸ் அடிகளார் கண்டியிலேயே காலமானார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசவையின் மனநிலை மாறியது, குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர் கட்டிய கோயிலும் அழிந்தது. அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. உலகக் கணக்கின்படி இது தோல்வி. ஆனால் 1886இல் அதே நகர் கத்தோலிக்க மறைமாவட்டமாகியது. 1893இல் அம்பிட்டியவில் குருமடம் திறக்கப்பட்டது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தியபோது, அவர் மறைந்து 304 ஆண்டுகள் கழிந்திருந்தன. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. காண்போம் என்ற உத்தரவாதத்தையும் அவர் எவரிடமும் கேட்கவில்லை.

விதைப்பைப் பற்றிய இந்த எண்ணம் முஸ்லிம் வாசகர்களுக்குப் புதியதன்று. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் அச்சத்துக்கும் ஆதரவுக்கும் ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். நல்ல நிலத்தைப் பண்படுத்தி, விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை நீக்கிவிட்டு இறையருளை எதிர்பார்ப்பவரின் நிலையே உண்மையான ஆதரவு என்றும், எதையும் செய்யாது விளைச்சலை எதிர்பார்ப்பது வெறும் ஏமாற்று என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். மகனை இழந்து பார்வையும் மங்கிய நபி யாகூப் (அலை) அவர்கள், இறையருளில் அவநம்பிக்கை கொள்ளலாகாது எனத் தம் பிள்ளைகளுக்கு அறிவுறுத்தியபோதும், வீட்டில் அமர்ந்திருக்குமாறு கூறவில்லை; சகோதரனைத் தேடிச் செல்லுமாறே பணித்தார்கள். பவுலின் போதனையும் இமாமின் விளக்கமும் சந்திக்கும் இடம் இதுவேயாகும்.

அண்மைக் காலக் கண்டியிலும் இத்தகைய விதைப்பு நடந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் வணிக ரீதியான தேயிலைச் செய்கை தொடங்கிய நாளிலிருந்து நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய தோள்கள் அவர்களுடையவை. இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை ஆரம்பித்து, பல இனத்தவரும் பல மதத்தவரும் ஒன்றாகப் பணியாற்றும் களமாக அதனை அமைத்தார். தோட்ட மக்களின் உரிமைகளுக்காக அந்நிலையம் ஓயாது குரல் கொடுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 55 ஆண்டுகள் நீடித்த அந்தப் போராட்டத்தில், முடிவைக் காணாமலே மறைந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுடைய பெயர்களும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

இதேவேளை, நம்பிக்கை என்ற சொல் துஷ்பிரயோகம் செய்யப்படுவதையும் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. உரிமை கேட்பவரிடம் பொறுமையாக இருங்கள் என்றும், நீதி கேட்பவரிடம் மறந்துவிடுங்கள் என்றும் சொல்வதற்கு இச்சொல் வசதியான போர்வையாகிவிடுகிறது. 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியவிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டுக்கு வந்தவர்கள் குண்டுகளுக்குப் பலியாகினர். அதன் பின்னர், குற்றமற்ற முஸ்லிம்கள் சந்தேகத்தின் நிழலில் வாழ நேர்ந்தது. 2020இல் கொவிட் தொற்றினால் இறந்தோரைக் கட்டாயமாக எரிக்கும் விதி வந்தபோது, உயிர்த்தெழுதலை நம்பி உடலை மண்ணுக்கு ஒப்படைக்கும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒருசேர வேதனையுற்றனர். 2021 பெப்ரவரியில் அவ்விதி தளர்த்தப்பட்டது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தவர்களால்தான் அது வந்தது.

பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் 2007இல் நம்பிக்கையைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், அதனைக் கற்கும் களங்களாகச் செபத்தையும், செயலையும் துன்பத்தையும், இறுதித் தீர்ப்பையும் குறிப்பிடுகிறது. தீர்ப்பு நாளை அச்சுறுத்தலாக மட்டுமன்றி, நீதி இறுதிவரை மறுக்கப்படாது என்ற உறுதியாகவும் அது காண்கிறது. மறுமையை நம்பும் முஸ்லிம்களும் இதனை ஏற்பர். எனவே நீதி கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளமன்று. நம்பிக்கையற்றவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.

அன்றாட வாழ்வில் இந்த நம்பிக்கைக்குப் பெரிய சொற்கள் தேவையில்லை. பிங்கா ஓயா பெருக்கெடுக்கும் போதெல்லாம் அக்குறணை நகரில் வெள்ளம் புகுகிறது. வெள்ளம் வடிந்ததும் கடைக்காரர்கள் சேற்றைக் கழுவிவிட்டு மீண்டும் கதவைத் திறக்கின்றனர். லயன் அறையில் வாழும் தாய், தான் படிக்காத பாடத்தைப் பிள்ளை படிப்பதற்காக விளக்கை அணைக்காமல் வைக்கிறாள். திகனயில் வன்செயல் மூண்டபோது முஸ்லிம் குடும்பங்களுக்கு அடைக்கலம் கொடுத்த சிங்கள அயலவர்களும் இருந்தனர். இவர்களில் எவரும் தம்மை நம்பிக்கையின் யாத்திரிகர் என்று அழைத்துக்கொண்டதில்லை.

ஆனால் தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் போற்றிவிட்டு, சமூகமும் அரசும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கடையைக் கழுவித் திறப்பவருக்கு ஆற்றின் வடிகாலைச் சீர்செய்து கொடுப்பது யாருடைய கடமை? மண்சரிவு அபாயம் உள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் காட்டுகிறது. அங்கு வாழ்பவர்களுக்கு, குறிப்பாகத் தமக்கெனக் காணியுறுதி இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கு, பாதுகாப்பான நிலத்தை வழங்குவதே இன்று விதைக்கப்பட வேண்டிய விதை. யூபிலி ஆண்டு 2026 ஜனவரி 6ஆம் திகதியுடன் நிறைவுபெற்றுவிட்டது. நிவாரணப் பொதிகளை ஒன்றாகச் சுமந்த தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கோவில்களும் விகாரைகளும், அடுத்த மழைக்காலம் வருவதற்கு முன்னர் அக்குடும்பங்களின் காணிக்காகவும் ஒன்றாகக் குரல் கொடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.