தள்ளிப்போடுவது சோம்பல்தானா?

"நாளைக்குப் பார்ப்போம்" என்று ஒரு வேலையையாவது ஒதுக்கி வைக்காத பெண் எம்மில் யார்? வீடுகளில் இதற்குச் "சோம்பல்" என்று ஒரே சொல்லில் பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் வள்ளுவர், மடியின்மை அதிகாரத்தில், காலந்தாழ்த்துவதையும் சோம்பலையும் வெவ்வேறு குற்றங்களாகவே எண்ணிச் சொல்கிறார்.

சமூகவியல் பட்டதாரியான நான், இப்பழக்கம் பற்றிய உளவியல் ஆய்வொன்றில் உதவியாளராகப் பணியாற்றினேன். திருக்கேதீஸ்வரத்தில் வீடு வீடாகச் சென்று வினாக்கொத்தை வாசித்து விடைகளைக் குறிப்பதே என் வேலை. இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது, கனடாவின் கிளாரி லே 1986இல் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலாகும். எழுதிய கடிதத்தை அஞ்சலிடாமல் வைத்திருப்பது பற்றியும் அதில் உண்டு. எமது ஊருக்கு அது பொருந்தாது. மின்கட்டணம் பற்றிக் கேட்பதே பொருந்தும்.

அங்கேதான் சிக்கல். நெல் விற்ற காசு கைக்கு வராததால் கட்டணம் பிந்தும் பெண்ணும் "ஆம், பிந்தித்தான் கட்டுகிறேன்" என்பாள். அது தள்ளிப்போடுதலா? பிந்தினால் தனக்கே தீமை என்று அறிந்தும், தானாக விரும்பிப் பிந்துவதே தள்ளிப்போடுதல் என்று பியர்ஸ் ஸ்டீல் 2007இல் வரையறுத்தார். காசில்லாமையும், மீள்குடியேறியோர் காணிப் பத்திரத்திற்குக் காத்திருப்பதும் இதில் சேரா. சேர்த்து எண்ணினால் வறுமையையே பெண்ணின் குணக்குறையாக எழுதிவிடுவோம். எனவே ஒவ்வொரு "ஆம்" என்ற விடைக்கும் பின்னால் "ஏன்?" என்று கேட்பது அவசியம்.

உண்மையான தள்ளிப்போடுதலும் எம்மிடையே உண்டு. சுகவனிதையர் கிளினிக் இலங்கையில் 1996இல் ஆரம்பிக்கப்பட்டது. 35 வயதை எட்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. இருந்தும், "ஏதாவது இருக்கு என்று சொல்லிவிட்டால்?" என்ற பயத்தில் பலர் போவதில்லை. பூஷியா சிரோயும் திமோதி பைக்கிலும் 2013இல் விளக்கியது இதைத்தான்: மனதை வருத்தும் உணர்விலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பவே வேலையை ஒத்திவைக்கிறோம். ஆறுதல் இன்றைக்கு, இழப்பு பின்னாளில்.

அப்படியானால் திட்டுவதால் பயனில்லை. திட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் பிந்தும். ஜேர்மனிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய வழி எளிது. "போகவேண்டும்" என்று பொதுவாக நினைக்காமல், எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்வது. "கிளினிக் நாளன்று, பிள்ளையைப் பள்ளியில் விட்டதும், பக்கத்து வீட்டு அக்காவோடு நேரே போவேன்" என்பது போல.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் மகளையோ மருமகளையோ சோம்பேறி என்று சொல்ல வாயெடுக்கும்போது, "என்னம்மா தடை, பயமா, காசா?" என்று கேளுங்கள். காசென்றால் வழி தேடுவோம். பயமென்றால் கூடப் போவோம்.