உங்களுக்குத் தெரியுமா? சப்டைட்டில் சும்மா வரவில்லை

● பேசும் படம் வந்தபோது ஊரே கொண்டாடியது. காது கேளாதவர்களுக்கு மட்டும் அன்றோடு தியேட்டர் அந்நியமாகிப் போனது. ஊமைப் படத்தில் வசனம் எழுத்தாக வரும். எல்லோரும் சேர்ந்து படித்து, சேர்ந்து சிரிக்கலாம். 1927-ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும் படம் வெளியான பிறகு சில வருடங்களிலேயே ஹாலிவுட்டில் அந்த எழுத்து அட்டைகள் ஒழிந்தன. கியூபாவில் பிறந்த எமர்சன் ரொமேரோவுக்குக் காது கேட்காது. டாமி ஆல்பர்ட் என்ற பெயரில் ஊமைப் படங்களில் நடித்துக்கொண்டிருந்த அவருக்குப் பிழைப்பே போயிற்று. 1947-ல் அவரே கத்தரியைக் கையில் எடுத்தார். படச்சுருளை வெட்டி, காட்சிகளுக்கு நடுவே வசனம் எழுதிய துண்டுகளை ஒட்டி, காது கேளாதோர் மன்றங்களுக்கு அனுப்பினார். படம் ஓடும், நிற்கும், எழுத்து வரும், மறுபடி ஓடும். பார்க்கச் சிரமம்தான். ஆனாலும் அமெரிக்க அரசு இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவர இன்னும் 11 வருடம் ஆனது.

● டெலிபோனைத் தந்த கிரகாம் பெல்லின் அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. 1876-ல் வந்த அந்தக் கருவி அவர்கள் இருவருக்குமே உதவவில்லை. காது கேளாதவர்கள் தங்களுக்குள் போன் பேச 1964 வரை காத்திருந்தார்கள். வழி கண்டுபிடித்தவர் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர். அவருக்கும் காது கேட்காது. கம்பெனிகள் கழித்துப்போட்ட கனத்த டெலிபிரிண்டரை ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்து, அதன்மேல் ரிசீவரைக் கவிழ்த்து வைத்தார். இந்த முனையில் தட்டுவது அந்த முனையில் காகிதத்தில் அச்சாகும். மணிக்குப் பதில் விளக்கு மின்னும். தட்டி முடித்ததும் ‘ஜி.ஏ.’ என்று போட்டால், “நான் முடித்தேன், நீங்கள் ஆரம்பியுங்கள்” என்று பொருள்.

● அமெரிக்காவில் நாடு முழுக்க எழுத்தோடு ஒளிபரப்பான முதல் டி.வி. நிகழ்ச்சி எது தெரியுமா? சமையல் நிகழ்ச்சி! 1972-ல் ஜூலியா சைல்டின் ‘தி ஃபிரெஞ்ச் செஃப்’. அடுத்த வருடக் கடைசியில் ஏ.பி.சி. செய்தியும் எழுத்தோடு வந்தது. மாலைச் செய்திக்கு எழுத்துச் சேர்த்து, இரவு 11 மணிவாக்கில் மறு ஒளிபரப்பு! ஊர் பேசி ஓய்ந்த பிறகுதான் இவர்களுக்குச் செய்தி.

● 1980-ல் வேண்டும்போது மட்டும் எழுத்தை வரவழைக்கும் வசதி வந்தது. ஆனால் அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். காது கேட்காததற்கு அபராதம் போல! 1990-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது: 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா டி.வி.யிலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும். ஆஸ்கர் வாங்கிய காது கேளாத நடிகை மார்லி மேட்லின் இதற்காக வாதாடினார்.

● வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகம் காது கேளாதவர்களுக்காகவே நடப்பது. 1864-ல் கல்லூரியான அதற்கு 124 வருடம் காது கேளாத தலைவர் ஒருவர்கூட வாய்க்கவில்லை. 1988 மார்ச் 6 அன்று, தகுதியான இரண்டு காது கேளாதவர்கள் இறுதிச்சுற்றில் இருந்தும், சைகை மொழியே தெரியாத எலிசபெத் ஜின்சரை நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். பல்கலைக்கழகத்தின் பஸ்களையே சாவியில்லாமல் கிளப்பி, வாசல்களில் குறுக்கே நிறுத்தி, டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். நாலு நாளில் ஜின்சர் விலகினார். குழுத் தலைவி பதவி துறந்தார். குழுவில் காது கேளாதவர்களுக்கே பெரும்பான்மை என்றும், போராடியவர்கள் மேல் நடவடிக்கை இல்லை என்றும் உறுதி கிடைத்தது. மார்ச் 13 அன்று ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். வைத்த நாலு கோரிக்கையும் ஒரே வாரத்தில் நிறைவேறிய மாணவர் போராட்டம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

● நெட்ஃபிளிக்ஸில் எல்லாப் படத்துக்கும் எழுத்து வருகிறதே, அது கம்பெனியின் பெருந்தன்மையா? இல்லை. அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கம் வழக்குப் போட்டது. இணையதளமும் கடை, தியேட்டர் போலப் பொது இடம்தான், பாகுபாடு கூடாது என்று 2012-ல் மாசசூசெட்ஸ் நீதிபதி சொன்னார். 2014-க்குள் எல்லாவற்றுக்கும் எழுத்து என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. நம் பக்கம் பாருங்கள்: ஓ.டி.டி.யில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் சப்டைட்டில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த காது கேளாதவர் என்ன செய்வார்?

● 2023 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி காணொலி வழியே ஆஜரானார். தலைமை நீதிபதி சந்திரசூட் அனுமதியோடு சைகை மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார்.

● கொரோனா காலத்தில் அமெரிக்க மாநில ஆளுநர்கள் பேசும்போது பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்பார். வெள்ளை மாளிகையில் மட்டும் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் மேல் வழக்குப் போட்ட அதே தேசியக் காது கேளாதோர் சங்கம் 2020-ல் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் மொழிபெயர்ப்பாளர் காணாமல் போனார். மே மாதம் சங்கம் மறுபடி வழக்குப் போட்டது.