பழைய மகிழுந்தும் அதற்குரிய எண்ணெயும்

தமிழ்த்துறை மலரில் இயந்திர எண்ணெய் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சங்கப் பாடல் ஓதும் வகுப்பறைக்கும் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்கும் தொடர்பில்லை என்பது பொதுக்கருத்து. ஆயினும், மேடுபள்ளம் நிறைந்த வழியில் உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர் என்று புறநானூற்றின் 102ஆம் பாடல் கூறுகிறது. அந்தச் சேம அச்சையே ஔவையார் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். வழியில் நேரக்கூடிய இடரை முன்னரே எண்ணிப் பார்த்தல் நம் இலக்கியம் அறியாத செய்தி அன்று. அம்முன்னறிவு இன்று பழைய மகிழுந்து வாங்குவோர்க்கும் வேண்டற்பாலது.

மலையும் மகிழுந்தும்

கோதையாற்றின் குறுக்கே 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பெற்றது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் எழுந்த இவ்வணையைச் சுற்றி இன்று ரப்பர்த் தோட்டங்களும் மலைக்குடியிருப்புகளும் பரவியுள்ளன. நோயுற்றோரைக் குலசேகரத்திற்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். பேருந்து வரும் வேளை நோய்க்குத் தெரியாது. எனவே, புதிய கார் வாங்க இயலாத குடும்பங்கள் பிறர் ஓட்டிய காரை வாங்குகின்றன.

எம் மாணவர் ஒருவரின் தந்தையார் அப்பகுதியில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர். தாயாருக்குச் சிறுநீரக நோய். வாரம் இருமுறை மருத்துவமனை செல்ல வேண்டிய நிலை. நகையை விற்று, வெளியூர்த் தரகர் ஒருவர் வழியாகப் பழைய கார் ஒன்றை வாங்கினர். வாங்கும்போது புகையில்லை, இரைச்சலும் இல்லை. இரண்டு திங்கள் கழித்து எண்ணெயை மாற்றியவுடன் நீலப்புகை எழுந்தது. இயந்திரம் தட்டும் ஒலியும் கேட்டது. தேய்ந்துபோன இயந்திரத்தில் மிகத் தடித்த எண்ணெயை ஊற்றி அதன் குறையை மறைத்து விற்றிருந்தனர் என்பது பட்டறையில்தான் தெரியவந்தது. பழுது நீக்க ஆன செலவு ஒருபுறம். அந்நாள்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் மறுபுறம். எண்ணெய் பற்றிய சிறு அறிவும் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பதற்கு இதுவே சான்று.

எண்ணெய் செய்யும் பணி

மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோற் கரியும் கலந்த மசகை நம் முன்னோர் இட்டனர். மோட்டார் வண்டிக்கும் தொடக்க காலத்தில் ஆமணக்கு எண்ணெய் பயன்பட்டது. 1909இல் தோன்றிய காஸ்ட்ரால் என்னும் பெயர், ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே.

உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்றல் எண்ணெயின் முதற்பணி. வெப்பத்தை ஏந்திச் செல்லுதல், கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கி வடிகட்டிக்குக் கொணர்தல், பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைத்தல், துருவேறாமல் காத்தல் ஆகியன பிற பணிகள். இவற்றுள் பல அதன் பாகுநிலையைச் சார்ந்தவை. மார்த்தாண்டத்துத் தேன் குளிர்ந்த காலையில் மெல்ல ஒழுகும். சூடாக்கினால் நீர்போல் ஓடும். எண்ணெயின் இயல்பும் அதுவே. குளிரில் மிகத் தடிக்காமலும் சூட்டில் மிக மெலியாமலும் இருப்பதே நல்லெண்ணெய்க்கு இலக்கணம்.

எண்ணும் எழுத்தும்

எண்ணெய்க் கலத்தின்மேல் உள்ள எண்ணும் எழுத்தும் அறிந்தோர்க்குக் கடைக்காரர் சொல் தேவையில்லை. 1905இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு பாகுநிலைக்கு எண் வகுத்தது. 15 டபிள்யூ 40 என்பதனைக் காண்போம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைச் சுட்டும். அதன் முன்னுள்ள எண் சிறிதாயின் கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். 5 டபிள்யூ எண்ணெய், உறைநிலைக்குக் கீழே 30 பாகை செல்சியசில் சோதிக்கப்படுகிறது. 20 டபிள்யூ எண்ணெய்க்கு அச்சோதனை உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் நிகழ்கிறது. பின்னுள்ள எண், இயந்திரம் சூடேறிய நிலையில், அதாவது 100 பாகையில், உள்ள தடிப்பைக் காட்டும். பேச்சிப்பாறையில் எந்தக் காலையிலும் உறைபனி இல்லை. ஆதலின் நம் நாட்டில் முன்னெண்ணைவிடப் பின்னெண்ணே மிகுதியும் கருதத்தக்கது.

ஏ.பி.ஐ. என்பது தரத்தைக் குறிக்கும். பெட்ரோல் இயந்திரத்திற்கு எஸ் என்னும் எழுத்தும், டீசல் இயந்திரத்திற்கு சி என்னும் எழுத்தும் முதலில் நிற்கும். அடுத்த எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதிதாகும். எஸ்.எல். 2001இலும், எஸ்.என். 2010இலும், எஸ்.பி. 2020இலும் வந்தவை. பெட்ரோல் வண்டியில், கையேடு சொல்வதைவிடப் பிந்திய தரத்தைப் பொதுவாகத் தடையின்றி ஊற்றலாம். முந்திய தரத்தை ஊற்றலாகாது. டீசல் வண்டிக்குச் சி.எச்.4, சி.ஐ.4 போன்ற குறியீடுகளைக் காண வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்கள் பலவற்றில் புகைக்கரி வடிகட்டி உண்டு. சாம்பல் மிகுந்த எண்ணெய் அவ்வடிகட்டியை அடைத்துவிடும். அத்தகைய காருக்குக் கையேட்டில் உள்ள குறியீட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுதல் கடமையாகும்.

பழைய காருக்கு எது உரியது?

'கார் பழசானால் தடித்த எண்ணெய் ஊற்ற வேண்டும்' என்பது பரவலான நம்பிக்கை. இது பாதியளவே உண்மை. எண்ணெய் குறையாமலும் புகைவிடாமலும் ஓடும் கார், லட்சம் கிலோமீட்டர் கடந்திருப்பினும், கையேடு கூறும் எண்ணெயையே ஏற்கும். மெல்லிய எண்ணெய்க்கென அமைந்த குறுகிய வழிகளில் தடித்த எண்ணெய் மெல்லச் செல்லும், காலையில் முதலில் இயக்கும்போது மேற்பகுதி எண்ணெயின்றி உரசும், எரிபொருளும் வீணாகும். எண்ணெய் தொடர்ந்து குறையுமாயின், கையேட்டின் வெப்பநிலை அட்டவணை இடங்கொடுக்கும் எல்லைக்குள் ஒரு படி உயர்ந்த பின்னெண்ணைத் தேர்தல் தகும். 30க்கு மாற்றாக 40 ஊற்றலாம்; நேராக 50க்குத் தாவுதல் வேண்டா. அதுவும் தேய்வைக் குணப்படுத்தும் மருந்தன்று. பழுதுபார்க்கும் காலத்தைச் சிறிது தள்ளிப்போடும் வழியே.

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற பழைய அமைப்புடைய வண்டிகளின் நிலை வேறு. தடித்த எண்ணெயை எண்ணியே அவை அமைந்தவை. அவற்றில் 5 டபிள்யூ 30 ஊற்றுதல் பொருந்தாது.

'செயற்கை எண்ணெய் ஊற்றினால் பழைய காரில் ஒழுகும்' என்பதும் ஒரு கூற்று. தொடக்ககாலச் செயற்கை எண்ணெய்கள் சில ரப்பர் அடைப்பான்களைப் பாதித்ததுண்டு. இன்றையவற்றில் அக்குறை நீங்கிவிட்டது. முன்னரே தேய்ந்த அடைப்பானைப் பழைய கசடு மூடியிருந்தால், கசடு கரையும்போது ஒழுக்கு வெளிப்படலாம். எண்ணெய் அப்போது குறையை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது என்க.

வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

வாங்கச் செல்வோர், இயந்திரம் முற்றும் குளிர்ந்திருக்கும் நிலையில் அதனை இயக்கச் செய்து காண வேண்டும். விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காத்திருத்தல் நலம். அளவுகோலில் உள்ள எண்ணெயைத் தொட்டுப் பார்க்க. மிகத் தடித்துப் பாகுபோல் இருப்பின் ஐயுறுக. பால் கலந்த தேநீரின் நிறம் இருப்பின் குளிர்நீர் கலந்துள்ளது என உணர்க. மழைக்காலத்தில் குறுந்தொலைவே ஓடும் வண்டியின் மூடிக்கடியில் மட்டும் சிறிது வெண்படலம் காணுதல் ஈரக்காற்றின் விளைவாகவும் இருக்கலாம். டீசல் எண்ணெய் விரைவில் கறுத்தல் இயல்பே, அது குறையன்று.

வாங்கிய கார் எவ்வளவு நன்றாகத் தோன்றினும் எண்ணெயையும் ஆயில் பில்டரையும் உடனே மாற்றி, நாளையும் கிலோமீட்டரையும் எழுதி வைக்க வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அது எல்லை. மலையேற்றமும் குறுந்தொலைவு ஓட்டமும் கடும்பயன்பாடு எனக் கருதப்படுவதால், மலைப்பகுதியினர் அவ்வெல்லைக்கு முன்னரே மாற்றுதல் அறிவுடைமை. எண்ணெய் வாங்கும்போது முத்திரை உடையாத கலத்தைப் பார்த்து, ரசீதுடன் வாங்குக. காலிக்கலத்தைப் பட்டறையிலேயே கிழித்தெறியச் செய்தால், அது போலி எண்ணெய் நிரப்புவோர் கைக்குச் செல்லாது. காருக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயை இருசக்கர வண்டிக்கு ஊற்றலாகாது. அத்தகைய வண்டிகள் பலவற்றில் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குவதால் வழுக்க நேரும்.

அணையின் அளவும் எண்ணெயின் அளவும்

பேச்சிப்பாறை அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 48 அடி. நீர் குறைந்தால் நாஞ்சில் நாட்டு வயல் வாடும். மிகுந்தால் உபரி நீரைத் திறக்க வேண்டும். காரின் அளவுகோலிலும் கீழ்க்கோடு, மேற்கோடு என இரண்டு உண்டு. சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தால் எண்ணெய் இவ்விரு கோடுகளுக்கும் இடையே நிற்க வேண்டும். மேற்கோட்டை மீறினால் சுழலும் தண்டு எண்ணெயை நுரையாக்கும். நுரை உலோகத்தைக் காக்காது. பழைய காருக்கு வாரம் ஒருமுறை இச்சோதனை வேண்டும்.

முகப்பில் கிண்டி வடிவில் ஒரு செவ்விளக்கு உண்டு. நம் வீடுகளில் கைகால் கழுவ வைத்திருந்த மூக்குடைய கிண்டியே அது. எண்ணெய் அளவு குறைந்தவுடன் அது எரியும் எனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது எரிவது எண்ணெய் அழுத்தம் வீழ்ந்தபோது. எண்ணெய் குறைந்த வண்டி மலை வளைவில் திரும்பும்போது, எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பின் உறிஞ்சுவாயை எட்டாது. அவ்விளக்கு மின்னி மறையும். 'வீட்டை அடைந்துவிடலாம்' என்று தொடர்ந்து ஓட்டுதல் இயந்திரத்தையே இழக்கச் செய்யும். உடனே ஓரமாக நிறுத்தி அணைத்தலே செய்யத்தக்கது.

இறுதியாக ஒன்று. மாற்றிய கழிவெண்ணெய் தீங்கு விளைக்கும் கழிவு என 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் வகுத்துள்ளன. அதனை ஓடையில் கொட்டினால் கோதையாற்றில் கலக்கும். அங்கிருந்து கால்வாய் வழியே குமரி மாவட்டத்து வயல்களுக்குச் செல்லும். கழிவெண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து, அதனை முறையாகப் பெறும் பட்டறையில் ஒப்படைத்தல் வேண்டும்.

கையேடு கைவசம் இல்லாதோர் தயாரிப்பாளரின் பணிமனையில் கேட்டு, உரிய எண்ணையும் எழுத்தையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்க. வீட்டில் படித்த பிள்ளை செய்யக்கூடிய வேலை இது. மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே இதனைச் செய்து முடிப்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.