பள்ளிக்கூடத்தில் அரைப்பேர் கிடையாது



நாள் முழுக்க மலையில் நின்றும் நிறுவையில் கிலோ குறைந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செக்ரோலில் அரைப்பேர் விழும். மழை பெய்ததா, மலையில் கொழுந்து இல்லையா, உடம்புக்கு முடியவில்லையா என்று தராசு கேட்காது. அரைப்பேரின் வலி நமக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அதே கணக்கை நம்ம பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடத்திலும் போட்டுவிடுகிறோமா? கெட்டிக்காரப் பிள்ளைக்கு முழுப்பேர், மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு அரைப்பேர், கொப்பி வாங்க வசதியில்லாத பிள்ளைக்குப் பேரே இல்லை என்று நடந்துகொள்கிறோமா? இதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

தொழிலாளர் வாழ்வைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருவதைச் ‘சமூகப் போதனை’ என்பார்கள். அந்தப் போதனையை ஒரு ஆரம்பப் பாடசாலையில் எப்படி நடைமுறைப்படுத்தலாம் என்று பார்ப்போம். நம்ம தோட்டங்களில் பெரும்பாலானவர்கள் இந்துக்கள். மாரியம்மன் கோயிலும் உண்டு, மாதா குருசடியும் உண்டு. யாரையும் மதம் மாறச் சொல்லும் கட்டுரை அல்ல இது. நல்ல விஷயம் எந்த வீட்டில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்தப் போதனை எப்படி வந்தது?

1891 மே மாதம் 15 ஆம் திகதி பாப்பரசர் 13 ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, ஆணும் பெண்ணும் குழந்தையும் ஓய்வில்லாமல் உழைத்த காலம் அது. தொழிலாளி ஒரு இயந்திரம் அல்ல, மனிதன் என்றார் அவர். குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமான கூலி வேண்டும், ஓய்வுநாள் வேண்டும், சங்கம் அமைக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றார். உடம்பும் புத்தியும் வளரும் முன்பே பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பக்கூடாது என்றும் எழுதினார்.

அந்த 1891 இல் நம்ம மலைநாடு எப்படி இருந்தது? கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த நம்ம முன்னோர் லயத்தில் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் மலையில் வேலை செய்தார்கள். அந்த மடல் நம்ம பாட்டன் பூட்டனுக்கும் பொருந்திய மடல்தான். ஆனால் அதை அவர்களுக்கு யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள்?

பின்னால் வந்த பாப்பரசர்களும் இதைத் தொடர்ந்து எழுதினார்கள். 2025 மே மாதம் தெரிவான பாப்பரசரும் லியோ என்ற பெயரையே எடுத்தார். 13 ஆம் லியோ தொழிலாளருக்காக எழுதிய அந்த மடலை நினைத்தே பெயரைத் தெரிவு செய்ததாகவும் சொன்னார்.

நம்ம பள்ளிக்கூடம் வந்த வழி

1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நடைமுறையில் பல தோட்டங்களில் ஒரு அறையும் ஒரு வாத்தியாரும்தான். 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் துரைமார் கையிலேயே நின்றன. 1972 லும் 1975 லும் தோட்டக் காணிகள் அரசுடைமையாகி, 1977 தொடக்கம்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றப் பிள்ளைகளுக்கு 1945 இல் கிடைத்தது நம்ம பிள்ளைகளுக்கு வந்துசேர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

திருச்சபை நடத்திய பாடசாலைகளிலும் பெரும்பாலானவை 1960, 1961 சட்டங்களால் அரசாங்கத்திடம் போயின. ஆகவே இன்று போதனை வேண்டுமானால் அதைக் கட்டடத்திலோ பெயர்ப்பலகையிலோ தேடிப் பிரயோசனமில்லை. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒருவரோடு ஒருவர் எப்படி நடக்கிறார்கள் என்பதில்தான் தேட வேண்டும்.

அப்படி நடந்து காட்டியவர்களும் நம்ம பக்கம் உண்டு. யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், கிராமத்தாரும் தோட்டத்தாரும் ஒருவரையொருவர் அறிந்து பழக வேண்டும், தோட்டத் தொழிலாளிக்கு மற்றவர்களுக்குள்ள மரியாதை கிடைக்க வேண்டும் என்று 2017 இல் காலமாகும்வரை பாடுபட்டார். இப்போது பாடசாலைக்கு வருவோம்.

1. ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுப்பேர்

போதனையின் முதல் பாடம் மனித மாண்பு. மனிதனுக்குள்ள மதிப்பு புள்ளியால் வருவதல்ல, பிறப்போடு வருவது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். சித்தியடையக்கூடிய ஐந்தாறு பேர் முன்வரிசைக்கு வருவார்கள். மற்றவர்கள் பின்வாங்கில். “உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?” என்ற ஒரு வார்த்தை போதும், ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கும்.

இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துக்கு அப்பால் பார்பியானா என்று ஒரு மலைக் கிராமம். ரோட்டுக்குத் தூரமான ஏழைக் குடும்பங்கள். 1954 இல் அங்கே போன லொரென்சோ மிலானி என்ற குருவானவர், மற்றப் பாடசாலைகள் தள்ளிவிட்ட பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். அங்கே ஒரு வழக்கம்: தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒருவருக்கு விளங்காவிட்டால் எல்லாரும் நின்று அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளைகள் சேர்ந்து எழுதிய கடிதம் 1967 இல் புத்தகமாக வந்து பல நாடுகளில் வாசிக்கப்பட்டது.

இதற்குக் காசு தேவையில்லை. நம்ம லயத்திலும் பொழுதுபட்ட பிறகு தரம் 8 படிக்கிற அக்கா தரம் 2 தம்பிக்கு அரை மணித்தியாலம் வாசித்துக் காட்டலாம். பெரிய பிள்ளைக்கும் அது பாடம்தான்.

2. எளியவருக்கு முதலிடம்

ஒரு பாடசாலையில் விளையாட்டுப் போட்டிக்காக எல்லா வீட்டிலும் ஒரே தொகை கேட்டார்கள். கொடுக்காத பிள்ளைகளின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார்கள். பெயர் வாசிக்கப்பட்ட ஒரு பெண்பிள்ளை அடுத்த நாளிலிருந்து வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அம்மா வெளிநாட்டில், காசு வரவில்லை. அம்மாயிதான் பார்க்கிறார். அவர் சொன்னார்: “ஐயா, காசு இல்லேன்னு டீச்சர்கிட்ட சொல்றதவிட, புள்ளைக்கு சுகமில்லேன்னு சொல்றது லேசு.”

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாருக்கும் சமமாகப் போட்டால் நியாயம் என்று நினைத்தார்கள். ஆனால் எட்டுப் பேர் சாப்பிடுகிற ஒரு சம்பள வீட்டுக்கும், இரண்டு பேர் உழைக்கிற நாலு பேர் வீட்டுக்கும் ஒரே தொகை எப்படிச் சமமாகும்? முடிவெடுக்கும்போது முதலில் எளியவரை நினை என்று போதனை சொல்வது இதற்காகத்தான்.

பிறகு மாதர் சங்கம் ஒரு வழி கண்டது. மூடிய தகரப் பெட்டி ஒன்று வைத்தார்கள். முடிந்தவர் முடிந்ததைப் போடலாம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதுவதில்லை. காசு தர முடியாத வீட்டார் மைதானம் துப்புரவு செய்ய ஒரு பொழுது வந்தார்கள். பிள்ளையும் திரும்பி வந்தது.

3. வேலைக்கு மரியாதை, பிள்ளைக்கு வேலை இல்லை

“படிக்காட்டி கூடையத்தான் தூக்கணும்” என்று நாமே பிள்ளையை அதட்டுகிறோம். சில நேரம் வகுப்பிலும் இந்தப் பேச்சு வரும். அந்தக் கூடையைத் தூக்குவது யார்? அந்தப் பிள்ளையின் அம்மா. தன் அம்மா செய்வது தண்டனை என்று பிள்ளை நினைத்துவிட்டால், நாளைக்குக் கூட்டாளிகள் முன்னால் அம்மாவைப் பார்த்து வெட்கப்படும்.

பாப்பரசர் 2 ஆம் யோவான் பவுல் இளமையில் கல்லுடைக்கும் இடத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். அவர் 1981 இல் உழைப்பு பற்றி ஒரு மடல் எழுதினார். எந்த வேலை என்பதைவிட, அதைச் செய்வது ஒரு மனிதர் என்பதால்தான் வேலைக்கு மதிப்பு என்பது அதன் கருத்து. பிள்ளை டாக்டராகட்டும், டீச்சராகட்டும். ஆனால் கொழுந்தெடுத்த கைதான் தன்னைப் படிக்க வைத்தது என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லட்டும். வருஷத்தில் ஒருநாள் ஒரு கொழுந்தெடுக்கும் தாயையும் ஒரு ஸ்டோர் தொழிலாளியையும் வகுப்புக்கு அழைத்து, அவர்கள் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் எவ்வளவு நல்லது!

அதே நேரம், பிள்ளையை வேலைக்கு அனுப்புவது வேறு விஷயம். ஹட்டனில் ஒரு கல்லூரி புனித ஜோன் பொஸ்கோவின் பெயரைச் சுமக்கிறது. அவர் யார் தெரியுமா? 1850 களில் இத்தாலியின் டூரின் நகரத்தில், தொழில் பழகப் போகும் ஏழைப் பையன்களுக்காக முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்த குருவானவர். தொழிலைத்தான் பழக்க வேண்டும், வீட்டு வேலைக்காரனாக வைத்துக்கொள்ளக்கூடாது, அடிக்கக்கூடாது, ஓய்வுநாள் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்.

நம்ம தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் போன பிள்ளைகளுக்கு இப்படி யார் கையெழுத்து வாங்கினார்கள்? இன்றைய சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016 தொடக்கம் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. யாராவது வந்து “நல்ல வீடு, நல்ல சாப்பாடு” என்று பேசினால், பதில் சொல்வதற்கு முன் அதிபரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ வாருங்கள்.

4. நம்மால் முடிந்ததை நாமே செய்வோம்

1931 இல் வந்த மடல் ஒன்று இப்படிக் கற்பிக்கிறது: சிறிய குழுவால் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக்கூடாது. அதே மாதிரி, சிறியவரால் முடியாத இடத்தில் பெரியவர் கைகொடுக்க வேண்டும். பிள்ளையின் முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்று 1965 இல் வத்திக்கான் சங்கமும் சொன்னது.

ஆனால் பாடசாலைக் கூட்டம் என்றால் நாம் என்ன செய்கிறோம்? “தலவர் போவாரு, அது போதும்” என்று இருந்துவிடுகிறோம். வகுப்பறை, ஆசிரியர் வெற்றிடம், மலசலகூடம் ஆகியவை அரசாங்கத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பிள்ளை நேரத்துக்கு எழும்புகிறதா, காலையில் ஒரு ரொட்டியாவது சாப்பிட்டதா, மூன்று நாள் வராத பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதற்குக் கொழும்பிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெசல்கமு ஓயா நோர்வூட்டைத் தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நாம் கானில் போடும் பொலித்தீனும் கூடவே போகிறது. இயற்கையைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒரே கடமை என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் எழுதினார். பீலிக்கரையைப் பிள்ளைகளோடு சேர்ந்து துப்புரவு செய்தால் அதுவே ஒரு சுற்றாடல் பாடம்.

ஒரு கேள்வி

“வயிறு காயும்போது போதனை எதுக்கு?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தால் சம்பளத்தைக் கூட்ட முடியாது. அந்தப் போதனையே முதலில் நியாயமான கூலியைத்தான் கேட்கிறது. அதற்காகச் சங்கத்தில் நின்று பேசுவோம். ஆனால் சம்பளம் கூடும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்குமா? தரம் 1 இல் மனம் உடைந்த பிள்ளைக்குத் தரம் 1 திரும்பி வராது.

இந்த மாதம் செய்யக்கூடியவை

1. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் போய் விசாரித்தல்.
2. பணம் சேர்க்கும்போது பெயர் வாசிப்பதை நிறுத்திப் பெட்டி வைத்தல்.
3. ஒவ்வொரு லயத்திலும் ஒரு காம்பராவில் மாலை வாசிப்பு.
4. “கூடை தூக்கணும்” என்று பிள்ளையை அதட்டுவதை விடுதல்.
5. அடுத்த பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது போதல்.

இதில் ஒன்றைத் தொடங்கினாலும் போதும். பெரட்டில் சந்திக்கும்போது, எதைத் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள். என்ன கஷ்டம் வந்தது என்றும் சொல்லுங்கள். மற்றத் தோட்டத்தாரும் அறிய அடுத்த இதழில் எழுதுவோம்.