புதுசு வந்தாச்சு, பழசை என்ன செய்வது?

2025 கோடையில் நியூஜெர்ஸியிலுள்ள என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். போய் இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை, வீட்டில் ஒரே ரகளை!

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஸ்விட்ச் டூ வாங்கிட்டாங்கம்மா. நான் மட்டும் இன்னும் பழசையே வெச்சிட்டிருக்கேன்!" என்று பதின்மூன்று வயதுப் பேத்தி மூக்கால் அழுகிறாள். ஒன்பது வயதுப் பேரனோ, "அக்காவுக்குப் புதுசுன்னா பழசு எனக்குத்தானே?" என்று அதற்குள் பங்கு பிரித்துவிட்டான்.

ஸ்விட்ச் என்பது ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 2017-ல் கொண்டுவந்த வீடியோ கேம் செட். கையில் வைத்தும் ஆடலாம், டி.வி.யில் இணைத்தும் ஆடலாம். அதற்கு அடுத்ததுதான் ஸ்விட்ச் 2. அது 2025 ஜூன் 5-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோது விலை 450 டாலர். லேசான தொகையா? பழசைக் கடையில் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம். ஜரிகைப் புடவையைப் போட்டுப் பாத்திரம் வாங்குவோமே, அதே கதைதான்! "கொடுத்துடலாம்மா. கார்ட்ரிட்ஜை எடுத்துப் புதுசுல போட்டா எல்லாம் வந்துடுமே" என்றாள் என் பெண்.

பேரன் துள்ளிக் குதித்தான். "வராதும்மா! கார்ட்ரிட்ஜ்ல விளையாட்டு மட்டும்தான் இருக்கு. நாங்க கட்டின வீடு, மரம் எல்லாம் செட்டுக்குள்ள இருக்கு!"

விசாரித்தால், அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம்.

தீவு யாருக்கு?

'அனிமல் கிராஸிங்' என்று ஒரு விளையாட்டு. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவில் அடைந்து கிடந்தபோது வந்தது. ஒரு தீவில் வீடு கட்டி, மீன் பிடித்து, செடி வைத்து வாழ வேண்டும். சண்டை சச்சரவு கிடையாது. பேத்தி எட்டு வயதில் ஆரம்பித்த தீவு. பின்னால் தம்பியும் அதில் வீடு கட்டிக்கொண்டான். அந்தச் சமயம் இவள் தாத்தா சென்னையிலிருந்து போனிலேயே, "வாசல்ல வரிசையா ரோஜா வை கண்ணு" என்பார். வைத்தாள். இன்று அவர் இல்லை. ரோஜா இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். ஒரு செட்டுக்கு ஒரே தீவுதான். எட்டுப் பேர் வரை குடியிருக்கலாம். ஆனால் முதலில் ஆரம்பித்தவர்தான் தலைவர். அவர் வேறு செட்டுக்கு மாற வேண்டுமானால் தீவு மொத்தமும் கூடவே போகும். அக்காவுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாக வெட்டித் தர முடியாது!

அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலையில் பேத்தி தானாகவே வந்தாள். "பாட்டி, தீவு பழசுலேயே இருக்கட்டும். தம்பி தண்ணி ஊத்துவான். ஞாயித்துக்கிழமை நானும் அதுலயே போய்ப் பார்த்துக்கறேன்." கடைக்குக் கொடுக்கும் பேச்சை என் பெண் அதோடு விட்டுவிட்டாள். மற்ற விளையாட்டுகளின் சேமிப்பு மட்டும் புது செட்டுக்குப் போயிற்று.

வாங்கப் போகிறீர்களா?

அங்கே நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அயல்நாட்டிலிருந்து தம்பியோ நாத்தனாரோ வாங்கி வருவதாக இருந்தாலும் உங்களுக்கு உதவும்.

முதலாவது, மாற்றி முடிக்கும் வரை பழசை அழிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். செட் முழுவதையும் மாற்றுவதானால், புதுசை முதன்முதலாகத் தயார் செய்யும்போதே இரண்டையும் அருகருகே வைத்துச் செய்யுங்கள். அந்தக் கட்டத்தை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது.

பழைய கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் புதுசில் ஓடும், தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பழைய மெமரி கார்டில் புது செட் விளையாட்டை வைக்க முடியாது. 'எக்ஸ்பிரஸ்' வகைக் கார்டுதான் வேண்டும். பழைய கைப்பிடிகளும் புதுசின் பக்கத்தில் மாட்டாது, தனியாக வைத்துத்தான் ஆடலாம். இந்தச் செலவுகளையும் கணக்கில் சேருங்கள்.

திரை 6.2 அங்குலத்திலிருந்து 7.9 அங்குலமாகியிருக்கிறது. எடையும் கைப்பிடியோடு 400 கிராமிலிருந்து 530 கிராமுக்கு மேல் ஏறியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டு வலிக்கும். மேஜைமேல் நிறுத்தி ஆடச் சொல்லுங்கள். புதுசென்றால் பாட்டரி கூடுதலாக நிற்குமென்று எண்ண வேண்டாம். ஆட்டத்தைப் பொறுத்து 2 முதல் 6½ மணிதான்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபதடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்க்கப் பழக்குங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கும். தினமும் வெயில் வெளிச்சத்தில் ஓடி ஆடவும் விடுங்கள்.

எத்தனை நேரம் ஆடலாம், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதைத் தாயாரின் போனிலிருந்தே கட்டுப்படுத்தலாம். அதற்கான ஆப் இலவசம். புது செட்டில் பிறரோடு பேசும் வசதி உண்டு. பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் அந்த ஆப் வழியாகச் சம்மதித்தால்தான் அது திறக்கும். யாரோடு பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், "பழசுக்குள்ள உனக்கு முக்கியமானது என்ன இருக்கு?" என்று குழந்தையை உட்கார வைத்துக் கேளுங்கள். நமக்கு அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. எங்கள் வீட்டில் அதற்குள் ஒரு ரோஜாத் தோட்டம் இருந்ததே!