22 கோல் அடித்த ‘அமெச்சூர்’

ரஞ்சன்காவ் எம்.ஐ.டி.சி.யில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பேர், ஊருக்கு அடுத்து வரும் கேள்வி ‘பர்மனென்டா, கான்ட்ராக்டா?’ ஸ்ரீபெரும்புதூரிலும் இதே கதைதான். இந்தக் கேள்வியைக் கால்பந்து வீராங்கனைகளிடம் கேட்டால் என்ன பதில் வரும்?

ஊரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புனேயிலிருந்து நகர் ரோட்டில் சுமார் 50 கி.மீ. தள்ளியிருக்கும் ரஞ்சன்காவ், அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்று. இங்குள்ள ஃபியட்-டாடா கூட்டு ஆலையில் 2017 ஜூனில் ஜீப் காம்பஸ் தயாரிப்பு தொடங்கியது. அடுத்த மாதம் இத்தாலியின் டூரினில் யுவென்டஸ் கிளப் தன் பெண்கள் அணியைத் தொடங்கியது. ஜெர்சியின் நெஞ்சில் ‘ஜீப்’. கார் கம்பெனியிலும் சரி, கிளப்பிலும் சரி, பெரிய கை ஆக்னெல்லி குடும்பம்.

அந்த ஜெர்சியை 2018-ல் மாட்டியவர் ஸ்ட்ரைக்கர் கிறிஸ்தியானா ஜிரெல்லி. 1990-ல் பிறந்தவர், வெரோனா, பிரெஷா அணிகளில் ஆடிவிட்டு வந்தவர். 2020-21 சீசனில் யுவென்டஸ் 22 ஆட்டத்திலும் வென்றது. ஜிரெல்லி அடித்த கோல்களும் 22. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக லீகிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் அமெச்சூர்!

எந்த விளையாட்டு தொழில் என்பதை முடிவு செய்யும் உரிமையை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலிய விளையாட்டுச் சம்மேளனங்களிடம் விட்டிருந்தது. பெண்கள் விளையாட்டு ஒன்றைக்கூட அவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆண்டுச் சம்பளத்துக்கு ஏறக்குறைய 30,000 யூரோ உச்சவரம்பு; ஓய்வூதியக் கணக்குக்குக் கிளப் பணம் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலைமை இதைவிடத் தேவலை. 2022 ஜூலை 1-ல்தான் பெண்கள் கால்பந்து லீக் தொழில்முறை ஆனது. ஜிரெல்லிக்கு அப்போது 32 வயது. பல ஸ்ட்ரைக்கர்கள் ஓய்வை யோசிக்கிற வயதில் அவருக்கு வேலை ‘பர்மனென்ட்’ ஆனது.

அவர் ஓய்வை யோசித்ததாகத் தெரியவில்லை. 2024-25-ல் 19 கோலுடன் மறுபடி முதலிடம். 2025 ஜூலை 16, ஜெனீவா: ஐரோப்பியக் கோப்பை காலிறுதியில் நார்வேக்கு எதிராக இத்தாலி 1-1. 90-வது நிமிடம், வலப்புறமிருந்து சக வீராங்கனை கன்டோரே தூக்கிப்போட்ட பந்தைத் தலையால் உள்ளே தள்ளினார். முதல் கோலும் அவருடையதே. வயது ஏற ஏறக் கால் வேகம் குறையும். பந்து எங்கே விழும் என்ற கணக்கு கூடும். அந்தக் கணக்குக்குக் கிடைத்த கோல் அது. 1997-க்குப் பிறகு இத்தாலி அரையிறுதிக்குப் போனது அப்போதுதான்.

நம்மூரில்? இந்தியப் பெண்கள் லீக் தொடங்கியதும் 2017-ல்தான். முதல் இறுதிச் சுற்று மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. மணிப்பூரின் பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஒப்பந்தமாகி, அந்த டிசம்பரிலேயே மதர்வெல்லுக்கு எதிராக கோல் அடித்தார். அதற்கு முன் அவர் ஆடியது மணிப்பூர் போலீஸ் அணிக்கு. நம் கடலூர் வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் எஸ்.ஐ. ‘பர்மனென்ட்’ என்றால் இங்கே பெரும்பாலும் காக்கிதான்.

2023-ல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஒரு அடித்தளம் போட்டது: முன்னணிக் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு ரூ.3.2 லட்சமாவது தர வேண்டும். மாதக் கணக்குப் பார்த்தால் 27,000 கூட வராது.