மனம் திரும்பியவரும் ஒரு சுவரும்

நாகர்கோவில் கோட்டாற்றில் டிசம்பர் 3-ம் தேதி சவேரியார் திருநாள். திருநாளுக்கு முன்பு பாவசங்கீர்த்தனம் செய்யக் காத்து நிற்பவர்களைக் கோயிலில் பார்க்கலாம். (இப்போது அதற்கு ஒப்புரவு என்று பெயர். பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான்.)

சாமியாரிடம் குற்றத்தைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று வெளியார் நினைப்பதுண்டு. அப்படியல்ல. செய்ததற்கு வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். திருடியிருந்தால் உடையவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயக்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் என்கிறது பைபிள். 'மனந்திரும்புதல்' என்ற சொல்லே போன வழியை விட்டுத் திரும்பச் சொல்கிறது. அழுகை மட்டும் போதாது.

இப்படித் திரும்பிய ஒருவர் இதே கோட்டாற்றுக் கோயிலில் அடக்கமாகியிருக்கிறார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை அவர். மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம். ஆடுமாடும் விளைச்சலும் அழிந்து மனமொடிந்திருந்த சமயம், குளச்சல் போரில் பிடிபட்டு மகாராஜாவின் படைக்கே தளபதியான டி லனாய், அவருக்கு யோபின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

கும்பிடும் கோயிலை மாற்றிக்கொண்டதோடு அவர் நிற்கவில்லை. தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார். எத்தனை அடி தள்ளி நின்றால் தீட்டு இல்லை என்று சாதிக்குச் சாதி கணக்கு வைத்திருந்த திருவிதாங்கூரில் இது லேசான காரியமா? 1749-ல் கைதானார். எருமை மீது பின்புறம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். மூன்று வருஷச் சித்திரவதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள்.

வருத்தமான சங்கதி இனிமேல்தான். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோயிலுக்குள் மேல்சாதியார் ஒரு புறம், மற்றவர்கள் மறு புறம். நடுவே சுவர்! பீடம் ஒன்று, பூசை ஒன்று. பக்கத்தில் மண்டியிடுகிறவனை மட்டும் பார்க்கக் கூடாது. பாவத்தை அறிக்கையிட்டவர்கள்தான் இரண்டு புறமும் இருந்தார்கள். சுவரை ஒரு பாவமாக எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

1910-ல் சுவர் இடிக்கப்பட்டது. உடனே மனம் மாறிவிட்டதா? தங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று ஒரு சாரார் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டு வரை ஏறியது. அங்கே அவர்கள் தோற்றார்கள்.

தேவசகாயம் 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-ல் ரோமாபுரியில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். முத்திப்பேறு விழாவின்போதும் அவர் 'தேவசகாயம் பிள்ளை'தான். சாதி பாராமல் வாழ்ந்தவரின் பெயரோடு சாதிப் பட்டம் எதற்கு என்று சிலர் விடாமல் கேட்டார்கள். ரோமாபுரியில் பெயர் வாசிக்கப்பட்டபோது அதில் 'பிள்ளை' இல்லை.